பற்பமும் செந்தூரமும் சிறுநீரகத்தை அடையும்போது

“வேர் பாரு, தழை பாரு, மிஞ்சினக்கால் மெல்ல மெல்லப் பற்பம் செந்தூரம் பாரே” என்பது சித்த மருத்துவம் பயில்வோர் தொடக்கத்திலேயே கேட்டுவிடும் மொழி. முதலில் வேர், பிறகு தழை, இரண்டாலும் தீராத நோய்க்கு மட்டும், அதுவும் மெல்ல மெல்ல, உலோகமும் தாதுவும் சேர்ந்த மருந்து என்று அது வரிசை வகுத்துக் கொடுக்கிறது. இன்று மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் மூலத்துக்கும் தோல் அரிப்புக்கும் மருந்து தேடிப் போகும் ஒருவருக்கு இந்த வரிசை தலைகீழாகக் கிடைப்பது அரிதன்று. முதல் நாளே ஒரு பொட்டலம் செந்தூரம், தேனில் குழைத்துக் காலையும் மாலையும், ஒரு மண்டலத்துக்கு. சில மாதங்கள் கழித்துக் கால் வீங்கி, சிறுநீர் நுரைத்து, அவர் சிறுநீரக மருத்துவர் முன் உட்கார்ந்திருக்கும்போது, அந்தப் பொட்டலத்தைப் பற்றி அவரும் சொல்வதில்லை, பல வேளைகளில் மருத்துவரும் கேட்பதில்லை.

சூரணம், குடிநீர், தைலம் ஆகியவற்றில் பெரும்பாலானவை செடிகொடிகளிலிருந்து வருபவை. திரிகடுகச் சூரணத்தையோ நிலவேம்புக் குடிநீரையோ பற்றியதன்று இந்தக் கட்டுரை. பற்பம், செந்தூரம், மெழுகு, சுண்ணம், கட்டு என்ற வரிசையில் வருபவற்றின் மூலப்பொருள்களில் பாதரசம், காரீயம் (ஈயம்), செம்பு, தாளகம், மனோசிலை, இலிங்கம், பூரம், வீரம் போன்றவை இடம்பெறுகின்றன. தாளகமும் மனோசிலையும் ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமங்கள். இலிங்கம், பாதரசமும் கந்தகமும் சேர்ந்தது. பூரமும் வீரமும் பாதரசத்தின் குளோரைடுகள். இவற்றில் பலவற்றுக்குச் சித்த நூல்கள் வைத்திருக்கும் பொதுப்பெயரே பாடாணம், அதாவது நஞ்சு. நஞ்சை நஞ்சென்று அறிந்தே கையாண்ட மரபு அது. சுத்தி செய்யும் முறைகள், எத்தனை புடம் போடுவது, என்ன பத்தியம் காப்பது, கெடுதல் நேர்ந்தால் முறிவுக்கு எதைக் கொடுப்பது என்பன அந்த நூல்களிலேயே இருக்கின்றன. ரசம், அதாவது பாதரசம், சரியாக முடியாத மருந்தை உண்டால் வாய் வெந்து எச்சில் ஊறும் என்ற குறிப்பும் அவற்றில் உண்டு. பாதரச நஞ்சின் அடையாளமாக நவீன மருத்துவப் பாடநூல்கள் எழுதுவதும் அதையேதான்.

முடிந்த பற்பத்தைச் சோதிக்க மரபு சில வழிகளை வைத்திருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால், தூள் விரல் ரேகைக்குள் புகுந்து படிய வேண்டும். அசையாத நீரின் மேல் தூவினால் மூழ்காமல் மிதக்க வேண்டும். வெயிலில் காட்டினால் உலோக மினுக்கம் தெரியக்கூடாது. நாவில் வைத்தால் சுவை இருக்கக்கூடாது. கருவிகள் இல்லாத காலத்தில் கண்ணையும் விரலையும் கொண்டே இவ்வளவு கூர்மையாகப் பார்த்தார்கள் என்பது வியப்புக்குரியது. ஆனால் இந்தச் சோதனைகள் அளப்பது எதை என்று நிதானமாக யோசிக்க வேண்டும். தூள் எவ்வளவு நுண்மையானது, தனி உலோகம் கண்ணுக்குத் தெரியும்படி மிஞ்சியிருக்கிறதா என்பதை அவை சொல்கின்றன. அந்தத் தூளில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது, வயிற்று அமிலத்திலும் குடலிலும் அதில் எவ்வளவு கரையும், கரைந்தது எங்கே போய்த் தங்கும் என்பதை விரல் ரேகை சொல்லாது. உலோகத்தை எரித்துச் சாம்பலாக்கினால் உலோகமே இல்லாமல் போய்விடும் என்ற நம்பிக்கை மக்களிடம் ஆழமாக இருக்கிறது. புடம் எத்தனை போட்டாலும் பாதரச அணு பாதரச அணுவாகவே இருக்கும். ஈயமும் அப்படியே. நெருப்பு மாற்றுவது அது எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும்தான்.

எதனோடு சேர்ந்திருக்கிறது என்பதும் முக்கியமானதே. சித்த, ஆயுர்வேத அறிஞர்கள் முன்வைக்கும் வலுவான வாதம் இதுவே: வீரம் நீரில் எளிதில் கரையும், அதனால் கொடியது; கந்தகத்தோடு இறுகிய செந்தூரமோ ஏறத்தாழக் கரையாதது, உட்கொண்டதில் பெரும்பகுதி அப்படியே மலத்தோடு வெளியேறிவிடும். வேதியியல்படி இது உண்மை. பாதரச சல்பைடில் குடல் வழியாக உடலுக்குள் புகுவது 0.2 விழுக்காட்டுக்கும் குறைவு என்றே ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கணக்கை அதோடு நிறுத்திவிடக்கூடாது. ரசச் செந்தூரம் ஒரு குன்றி எடை, அதாவது 130 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். பாதரச சல்பைடின் எடையில் 86 விழுக்காடு பாதரசம் என்பதால், அந்த ஒரு வேளை மருந்தில் இருப்பது சுமார் 112 மில்லிகிராம் பாதரசம். 2010-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, உணவு வழியே சேரும் கனிமப் பாதரசத்துக்கு வகுத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 4 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது வாரத்துக்கு 240 மைக்ரோகிராம். கரையும் பாதரச உப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே குடல் வழியே உட்புகும் என்பதால், உடலுக்குள் உண்மையில் சேர்வது வாரத்துக்கு 24 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். செந்தூரத்திலிருந்தோ, 500-இல் ஒரு பங்கு புகுந்தால் ஒரே வேளையில் 224 மைக்ரோகிராம். அதிலும் பத்தில் ஒன்றுதான் புகுகிறது என்று மருந்துக்குச் சாதகமாகவே கணக்கிட்டாலும், நாளுக்கு இரண்டு வேளையாக ஒரு வாரம் உண்டால் அந்த 24 மைக்ரோகிராமைப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் தாண்டிவிடும். ஒரு மண்டலம் என்பது 48 நாள். இவை எல்லாமே, மருந்து நூலில் உள்ளபடி பழுதின்றி முடிந்தது என்ற நிபந்தனையோடு. புடம் குறைந்து தனிப் பாதரசம் மிஞ்சியிருந்தாலோ, கரையும் உப்பு கலந்திருந்தாலோ இந்தக் கணக்கே செல்லாது.

உட்புகுந்த பாதரசம் உடம்பில் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவுவதில்லை. சிறுநீரகத்தில்தான் அதிகம் குவிகிறது. இதயம் ஒவ்வொரு நிமிடமும் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, உள்ளங்கையளவே உள்ள இரண்டு சிறுநீரகங்கள் வழியாகப் போகிறது. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் 99 விழுக்காட்டை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. அந்த உறிஞ்சும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது, வடிகட்டிக்கு அடுத்தாற்போல் இருக்கும் நுண்குழலின் முதற்பகுதி. உடலுக்குத் தேவையான அமினோ அமிலங்களையும் உப்புகளையும் வீணாக்காமல் திரும்ப எடுத்துக்கொள்வதற்கென்றே அதன் செல்களில் வாயில்கள் அமைந்திருக்கின்றன. பாதரசம் கந்தகத்தை எங்கே கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு, உணவுச் சத்தின் உருவில், அந்த வாயில்கள் வழியாகவே அது செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. உள்ளே போனபின் நொதிகளின் கந்தகக் கண்ணிகளில் ஒட்டி, அவற்றின் வேலையை நிறுத்துகிறது. ஒரே முறையாகப் பெருமளவில் போனால் நுண்குழல் செல்கள் மொத்தமாக மடிந்து, சிறுநீரே நின்றுபோகும். வீரம் தின்றவர்களுக்கு நேர்வது இது.

சிறிது சிறிதாகப் போகும்போது நேர்வது வேறு வகையானது. வடிகட்டியின் சவ்வில் நோயெதிர்ப்புப் புரதங்கள் படிந்து, சவ்வு தடித்து, புரதத்தை உள்ளே நிறுத்திவைக்கும் திறனை இழக்கிறது. இதைச் சவ்வுச் சிறுநீரக நோய் எனலாம். சிறுநீரில் கொட்டும் நுரை, வெளியேறும் அல்புமின் புரதத்தின் நுரை. பெரியவர்களில் இந்த இழப்பு நாளுக்கு மூன்றரை கிராமைத் தாண்டும்போது இரத்தத்தில் அல்புமின் குறைந்து, நீர் திசுக்களுக்குள் இறங்குகிறது. முதலில் காலையில் கண்ணிமை உப்புகிறது, மாலையில் செருப்பு வாரின் தடம் பாதத்தில் பதிகிறது, பிறகு வீக்கம் தொடைவரை ஏறுகிறது. இரத்தம் எளிதில் உறைவதால் கால் நாளங்களிலும் நுரையீரலிலும் சிறுநீரக நாளத்திலும் கட்டி அடைக்கும் ஆபத்தும் உண்டு. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவு இந்த நோயின் தொடக்கத்தில் இரத்தத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘கிரியாட்டினின் நார்மல், கிட்னிக்கு ஒன்றும் இல்லை’ என்று மருந்தைத் தொடர்கிறவர்கள், அதைவிட மலிவான சிறுநீர்ப் புரதச் சோதனையைச் செய்துகொண்டிருந்தால் உண்மை அன்றே தெரிந்திருக்கும்.

சவ்வுச் சிறுநீரக நோய்க்குக் காரணமான புரதங்களை ஒவ்வொன்றாக அடையாளம் காணும் பணி 2009-இல் பிஎல்ஏ2ஆர் என்ற புரதத்தோடு வேகம் பிடித்தது. நோயாளிகளில் பெரும்பான்மையோருக்கு நோயெதிர்ப்புப் புரதங்கள் தாக்கும் இலக்கு அதுவே. 2020-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த சஞ்சீவ் சேத்தியின் குழு நெல்-1 (NELL-1) என்ற இன்னொரு புரதத்தை அடையாளம் கண்டது. மேலை நாடுகளில் நெல்-1 வகை நோய் கண்டால் மருத்துவர்கள் முதலில் உடலில் எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுகிறார்கள். இந்தியாவில் இதே வகையை நுண்ணோக்கியில் பார்த்தவர்களுக்கு வேறொரு தடம் கிடைத்தது. சென்னையில் சிறுநீரகத் திசு ஆய்வு செய்யும் அனிலா ஆபிரகாம் குரியனும் அவருடைய சகாக்களும் 2022-இல் வெளியிட்ட கட்டுரை, நெல்-1 வகை நோயாளிகளில் கணிசமானோர் மரபு மருந்து உண்டவர்கள் என்பதையும், அந்த மருந்துகளில் பாதரசம் இருந்ததையும் எடுத்துக்காட்டியது. திசுத் துண்டின் மேல் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்க்கும்போது, வடிகட்டிச் சவ்வு நெடுகப் பச்சை மணிகள் கோத்தாற்போல் படிவுகள் ஒளிர்கின்றன. நெல்-1 வகையில் அந்த மணிகள் சவ்வு முழுவதும் இல்லாமல் சில பகுதிகளில் மட்டும் விட்டுவிட்டுத் தெரிவது வழக்கம். ஒரு திசுத் துண்டைப் பார்த்துவிட்டு, ‘இவர் என்ன மருந்து சாப்பிட்டார் என்று மறுபடியும் கேளுங்கள்’ என்று சிகிச்சை செய்பவருக்குச் சொல்லியனுப்ப முடிகிறது என்பதே இதில் பெரிய முன்னேற்றம்.

கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் நடந்தது இதற்குத் துணை நிற்கிறது. கோட்டக்கல்லில் உள்ள ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்கள் சஜீஷ் சிவதாஸும் ரஞ்சித் நாராயணனும் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை கண்ட 22 சவ்வுச் சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்கு நெல்-1 வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசியவர்கள். மீதி இருவரில் ஒருவர் மரபு மருந்து உண்டவர். கிரீம்களில் பாதரசம் மிகுந்திருந்தது. பூச்சை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. உண்ணும் மருந்தும் பூசும் கிரீமும் வேறு வேறு கடைகளில் விற்கப்படுபவை. இரண்டிலும் உள்ள உலோகம் ஒன்று, சிறுநீரகம் காட்டும் நோயும் ஒன்று. 1972-லேயே நைரோபியில் பாதரசம் கலந்த வெளுப்புக் கிரீம் பூசிய பெண்களிடம் இதே புரத இழப்பு நோய் இருந்ததை மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஐரோப்பிய மருத்துவமும் இதில் கை சுத்தமானதன்று. பூரத்தைப் பல் முளைக்கும் குழந்தைகளுக்குப் பொடியாகக் கொடுத்ததும், பாதரச ஊசியை நீர் பிரிக்கும் மருந்தாகப் போட்டதும், மூட்டு வாதத்துக்குத் தங்க உப்பை ஊசியாக ஏற்றிச் சிலருக்கு இதே சவ்வு நோயை வரவழைத்ததும் அங்கேயே நடந்தவை. கேட்டைக் கண்டதும் அம்மருந்துகளைக் கைவிட்டார்கள். மரபு மருத்துவத்தை மதிப்பவர்கள் அதனிடமும் இதே நேர்மையைக் கேட்பதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

பாதரசத்தில் ஓர் ஆறுதல் உண்டு: காலத்தோடு கண்டுகொண்டு நிறுத்தினால், இரத்த அழுத்த மருந்து வகையைச் சேர்ந்த, புரத இழப்பைக் குறைக்கும் மாத்திரைகளோடு மட்டும் சில மாதங்களில் மீண்டுவருபவர்கள் பலர். கண்டுகொள்ளாவிட்டால் அதே நோயாளி ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் போன்ற கடுமையான மருந்துகளைத் தேவையின்றி ஏற்க நேரும். வீட்டில் செந்தூரமும் தொடர்ந்தால் அவையும் பலிக்காது.

காரீயத்துக்கு அந்த ஆறுதல் இல்லை. உடலில் சேரும் ஈயத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எலும்பில் போய்த் தங்கி, அங்கிருந்து பல பத்தாண்டுகள் மெல்லக் கசிகிறது. சிறுநீரகத்தில் அது நுண்குழல்களுக்கு இடைப்பட்ட திசுவை வடுவாக்குகிறது. நுரையும் இல்லை, வீக்கமும் இல்லை. இரத்த அழுத்தம் ஏறும், கிரியாட்டினின் ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உயரும், ஸ்கேனில் சிறுநீரகம் சுருங்கித் தெரியும். யூரிக் அமிலத்தை வெளியேற்றும் திறனையும் ஈயம் கெடுப்பதால், வாத இரத்தம் எனப்படும் கௌட் மூட்டுவலி வருகிறது. மூட்டுவலிக்கென்று ஈயம் கலந்த மருந்தை உண்டவருக்கு அந்த மருந்தே புதிய மூட்டுவலியைக் கொடுக்க, அவர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொள்ளும் அபாயம் இங்கே இருக்கிறது. பெயர்க் குழப்பம் வேறு. சித்த மருத்துவத்தில் நாகம் என்றால் துத்தநாகம். வடமொழி ஆயுர்வேதத்தில் நாகம் என்றால் காரீயம். நாக பற்பம் என்றும் நாக பஸ்பம் என்றும் ஏறத்தாழ ஒரே பெயரோடு இரண்டு வேறு உலோகங்கள் விற்பனையில் இருக்கின்றன. இதைக் கடைக்காரரும் வாங்குபவரும் அறிந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

இவை எவ்வளவு பரவலானவை என்பதற்கு நம்பத்தக்க எண்கள் சில வெளிநாட்டிலிருந்தே கிடைக்கின்றன. அமெரிக்காவில் ராபர்ட் சேப்பர் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், பாஸ்டன் நகரப் பகுதிக் கடைகளில் வாங்கிச் சோதித்த 70 ஆயுர்வேத மருந்துகளில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. 2008-இல் அதே குழு வெளியிட்ட ஆய்வில், இணையம் வழியே வாங்கிய 193 மருந்துகளில் 20.7 விழுக்காட்டில் இவை தென்பட்டன. உலோகம் சேர்த்தே செய்யப்படும் ரச மருந்துகளில் அது 40.6 விழுக்காடு, மற்றவற்றிலும் 17.1 விழுக்காடு. அதாவது மூலிகை என்றே விற்கப்படுபவற்றிலும் மண், அரைக்கும் கருவி, கலப்படம் ஆகியவை வழியே உலோகம் வந்துசேர்கிறது. நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2011, 2012 ஆண்டுகளில் இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகளை உண்டதால் ஈயம் ஏறிய 6 கர்ப்பிணிகளைக் கண்டது. கர்ப்ப காலத்தில் தாயின் ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையிடம் போகும் என்பதால் அவர்களைத் தேடிச் சோதிக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. நம் ஊர்களில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

சட்டத்தின் நிலையையும் இங்கே பார்க்க வேண்டும். 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ், இ(1) என்ற அட்டவணை சித்த, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவை சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவக் கண்காணிப்பில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும். விதி அதை ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடச் சொல்கிறது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒரு மூதாட்டிக்கு, தமிழ் மரபு மருந்தின் மேலுள்ள எச்சரிக்கை எட்டாத மொழிகளில் இருப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளில் ஈயம் 10, ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) என்ற வரம்புக்குள் இருக்கிறதா என்று கட்டாயமாகச் சோதிக்க 2006 ஜனவரி முதல் ஏற்பாடு வந்தது. பற்பமும் செந்தூரமும் உலோகத்தாலேயே ஆனவை என்பதால் அந்த எண்கள் அவற்றுக்குப் பொருந்துவதில்லை. பழைய நூலில் சொன்னபடியே செய்கிறோம் என்று உரிமம் கேட்பவரிடம் தனியாகப் பாதுகாப்புச் சோதனையும் கேட்கப்படுவதில்லை. இவ்வளவும் உரிமம் பெற்ற மருந்துக்கு. செய்தித்தாளில் மடித்துத் தரும் பொட்டலத்துக்கு எந்த அட்டவணையும் இல்லை.

பட்டம் பெற்ற சித்த மருத்துவர்களை இந்தப் பொட்டலத்தோடு ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு. பாளையங்கோட்டையிலும் தாம்பரத்திலும் பயின்று வருபவர்களுக்கு இந்த மருந்துகளின் நச்சுக்குறிகள் பாடத்திலேயே இருக்கின்றன. அவர்களால் செய்யக்கூடியது ஒன்று உண்டு: உலோக மருந்து கொடுப்பதற்கு முன்பும் கொடுக்கும் காலத்திலும் சிறுநீர்ப் புரதத்தையும் கிரியாட்டினினையும் பார்ப்பது, புரதம் தென்பட்ட அன்றே நிறுத்துவது. ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், குழந்தை ஆகியோருக்கு இவற்றைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. கிரியாட்டினினைக் குறைத்து டயாலிசிஸைத் தவிர்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பி உலோக மருந்துக்குப் போகிறவர்களே மிக அதிகமாக இழப்பவர்கள். வெளியேற்றும் வழி அடைபட்ட உடலில்தான் உலோகம் இன்னும் அதிகமாகத் தங்கும்.

சிறுநீரக மருத்துவரின் கேள்வி எப்படி அமைய வேண்டும் என்பதும் சிறு விஷயமன்று. ‘வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?’ என்றால், ‘இல்லை டாக்டர்’ என்றே பதில் வரும், ஏனெனில் நம் மக்களுக்கு நாட்டு மருந்து மருந்துக் கணக்கிலேயே சேர்வதில்லை. ‘அம்மா, லேகியம், பஸ்பம், செந்தூரம், சத்துமாத்திரை, முகத்துக்குப் பூசும் கிரீம், இதில் எதையாவது இந்த ஒரு வருஷத்தில் தொட்டீர்களா?’ என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான் உண்மை வெளியே வரும். திட்டு விழும் என்ற அச்சம் இருக்கும்வரை அதுவும் வராது. நோயாளியும் மீதமுள்ள பொட்டலத்தையோ புட்டியையோ கிரீம் டப்பாவையோ தூக்கி எறியாமல் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், ஏனெனில் இரத்தத்திலும் சிறுநீரிலும் உலோகம் குறைந்துவிட்ட பிறகும் அந்தப் புட்டி சோதனைக்கு உதவும். ஆர்சனிக் அளவு பார்ப்பதற்கு முந்தைய சில நாள்கள் மீனும் இறாலும் தவிர்க்க வேண்டும், கடல் உணவில் இயல்பாக உள்ள, கேடு செய்யாத ஆர்சனிக் சேர்மம் மொத்த அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன, ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அவற்றைக் கொடுப்பதா, எந்த அளவில் கொடுப்பது என்பதை அனுபவமுள்ள மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். உடம்பிலுள்ள நஞ்சை எடுக்கிறோம் என்று சொல்லி இன்னொரு பொட்டலம் நீட்டுபவரிடம் அதற்காகப் போகக்கூடாது. உண்பதை நிறுத்திய பின் புரதம் குறைகிறதா என்று மாதந்தோறும் பார்த்துவர வேண்டும். அது முற்றிலும் நிற்பதற்கு ஓராண்டுகூட ஆகலாம்.